செப்பேடும் மின்னேடும்

செம்பில் எழுதும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் காலத்தில், கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடையாக விடப்பட்டது. அச்செய்தி 21 செப்பேடுகளில் வெட்டப்பட்டது. நெடுங்காலம் ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரிற் காக்கப்பட்டமையால் அவற்றை லெய்டன் செப்பேடுகள் என்பர். கடாரம் என்பது நாம் வாழும் இத்தீபகற்பத்தின் வடபாலுள்ள கெடாவே என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. அரசன் பெயரை அறிவோம். ஊரின் பெயரை அறிவோம். உளி பிடித்து அச்செம்பில் எழுத்தை வெட்டியவன் கையை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? பழஞ் செப்பேடுகள் பலவற்றின் இறுதியில், எழுத்து வெட்டியவனின் பெயரும் காணப்படுகிறது. அம்மட்டில் அக்கால அரசர் இக்கால முதலாளிகளினும் நன்றியறிவுடையவர் எனலாம்.

இதனை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இன்று உலகம் முழுவதும் ஒரு புதுவகைச் செப்பேட்டின்மேல் நின்று கொண்டிருக்கிறது. வானொலியோ, தொலைக்காட்சியோ, சட்டைப் பையிலுள்ள கைப்பேசியோ, எதனைத் திறந்தாலும் பச்சை நிறப் பலகை ஒன்று உள்ளே தென்படும். அதன்மேற் செம்பாலான மெல்லிய கோடுகள் வளைந்தும் பிரிந்தும் ஓடும். அதற்கு அச்சிட்ட மின்சுற்றுப் பலகை என்று பெயர். அன்று அரசன் ஆணை எழுத்தின் வழியே சென்றது; இன்று மின்சாரம் இக்கோட்டின் வழியே செல்கிறது. ஆகையால் நாம் அதனை மின்னேடு என்று அழைக்க விரும்புகிறோம். இம்மின்னேட்டை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதும், செய்து பார்த்தல் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் வேண்டிய கல்வி என்பதும் இக்கட்டுரையின் பொருள்.

பத்திரிகை படிப்போர்க்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்திற் படங்களை எவ்வாறு அச்சிட்டனர்? துத்தநாகத் தகட்டிலோ செம்புத் தகட்டிலோ படத்தைப் பதிப்பர். படம் உள்ள இடத்தை அமிலம் தீண்டாதவாறு ஒரு பூச்சுக் காக்கும். ஏனைய இடம் அரிந்து பள்ளமாகும். எஞ்சி மேடாக நிற்பதே படம். அச்சகத்தார் அதனை 'பிளாக்கு' என்றனர். மின்னேடும் பிளாக்கின் உடன்பிறப்பே. வேண்டியதைச் சேர்ப்பதனால் அன்று, வேண்டாததை நீக்குவதனால் உருவாகும் பொருள் அது.

இவ்வழியைக் கண்டவர்களுள் முதன்மையானவர் பால் ஐஸ்லர் என்பார். 1907-இல் வியன்னா நகரிற் பிறந்த யூதர், பொறியியல் கற்றவர், அச்சுத் தொழிலோடும் பழகியவர். யூதர்க்கு அந்நாட்டில் வேலையும் வாழ்வும் இல்லை என்ற நிலை வந்தபோது, 1936-இல் இங்கிலாந்து சேர்ந்தார். இலண்டனில் ஹாம்ஸ்டெட் என்னுமிடத்தில், வாடகைக்கு எடுத்த விடுதி அறையில் இருந்துகொண்டு, கம்பிகளுக்கு மாற்றாக அச்சிட்ட செம்புத் தடங்களைக் கொண்ட வானொலி ஒன்றை அமைத்தார். அஃதாவது, இன்று பல்லாயிரங் கோடி வெள்ளி புரளும் இத்தொழில், நாடிழந்த ஒருவர் தங்கியிருந்த அறையிலே பிறந்தது. வீட்டில் மின்னேடு செய்தல் வேடிக்கை விளையாட்டு என்று நகைப்போர் இதனை நினைவிற் கொள்க.

அவர் தம் கண்டுபிடிப்பை ஒரு கம்பெனியிடம் கொண்டு சென்றார். அக்கம்பெனி அதனை ஏற்கவில்லை. கம்பிகளை ஒவ்வொன்றாய்ப் பற்றவைக்கும் வேலையைப் பெண்கள் செய்கின்றனர். அவர்கள் கூலி மலிவு. ஆகவே இப்புதுமுறை வேண்டுவதில்லை என்பது அவர்கள் கூறிய காரணம் என்று ஐஸ்லரின் வரலாறு கூறுகிறது. 1940-இல் பகைநாட்டார் என்று அவரை இங்கிலாந்து அரசாங்கம் காவலில் வைத்தது. வெளிவந்தபின், கல்லச்சுத் தொழில் நடத்திய நிறுவனம் ஒன்றே அவர்க்கு இடங்கொடுத்தது. 1943-இல் அவர் தம் முறைக்குக் காப்புரிமை கோரினார். அப்போரின் போது, இலக்கை அணுகியதும் தானே வெடிக்கும் பீரங்கிக் குண்டுகளில் அமெரிக்கர் அச்சிட்ட சுற்றுகளைப் பயன்படுத்தினர். 1948-க்குப் பின்னரே அது பொது வாணிகத்திற்கு வந்தது.

"பெண்கள் கூலி மலிவு" என்ற அந்தச் சொல்லைச் சற்றே நிறுத்தி எண்ணுமாறு வாசகரை வேண்டுகிறோம். ஏனெனில் அச்சொல் இலண்டனோடு நிற்கவில்லை. கடல் கடந்து நம் வாசலுக்கும் வந்தது. 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிக வட்டாரம் தொடங்கப்பெற்றது. அந்நிய மின்னணுக் கம்பெனிகள் வந்தன. அவற்றை அழைத்து அரசாங்கம் வெளியிட்ட விளம்பர ஏடே, கீழ்நாட்டுப் பெண்ணின் சிறிய கைகளையும் விரைவையும் புகழ்ந்து பேசியது என்பதைத் தொழிலாளர் நிலையை ஆராய்வோர் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். கம்பத்து மலாய்ப் பெண்கள் சென்றனர். புதுக் கிராமத்துச் சீனப் பெண்கள் சென்றனர். தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் சென்றனர். பின்னர் நம் நெகிரி செம்பிலானிலும் செனவாங் போன்ற இடங்களில் ஆலைகள் எழுந்தன. லயத்து வாசலில் விடியுமுன் வந்து நிற்கும் ஆலைப் பேருந்தை நம் தலைமுறையினர் நன்கறிவர்.

சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் சாலையிற் பாரோயைக் கடப்போர்க்கு இம்மாற்றம் முழுவதும் கண்கூடு. பால் மரம் நின்ற நிலத்தில் தாமான்கள் நிற்கின்றன. பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ச் சில இடங்களில் வீட்டுமனை வந்தது. மரத்தைவிட்ட நம்மவர் ஆலைக்குச் சென்றனர். கத்தி பிடித்த தாயின் மகள் பற்றுக்கோல் பிடித்தாள். கூலி மாறியது, சீருடை வந்தது, குளிர்ந்த அறை வந்தது. ஆயினும் ஒன்று மாறவில்லை. மரத்தின் பால் எங்குப் போய் என்னவாகிறது என்பதைத் தாய் அறியாள். தன் கையிலுள்ள பலகை எதற்குள் நுழைந்து என்ன செய்கிறது என்பதை மகளும் அறியாள்.

இவ்வறியாமையே நம் கூலியின் அளவை முடிவு செய்கிறது என்பது நம் கருத்து. உழைப்பு இழிந்ததன்று. முழுப் பொருளும் விளங்காமல் அதன் ஒரு துண்டை மட்டும் ஆயுள் முழுவதும் செய்துகொண்டிருப்பதே இழிவு. இதற்கு மருந்து ஒன்றைத் தேடினோம். ஒரு மின்னேட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரையில் தன் கையாலேயே செய்து பார்த்தலே அம்மருந்தின் முதல் வேளை என்று கண்டோம்.

நாம் செம்பனைத் தோட்டம் ஒன்றிற் கிராணி. ஆங்கிலப் பள்ளியிற் பயின்றவர். மின்னோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் பெறும் கல்வி அது. ஒரு கம்பியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லாத கல்வி. ஞாயிற்றுக்கிழமைகளிற் கிராணி வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய மேசையைப் போட்டு, லயத்துப் பிள்ளைகளும் பக்கத்துத் தாமான் பிள்ளைகளுமாக ஐந்தாறு பேரோடு இவ்வேலையைத் தொடங்கினோம். செய்முறையைச் சுருங்கக் கூறுவோம்.

கண்ணாடி நாரால் ஆன 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையின்மேற் செம்புத் தகடு ஒட்டியதாக விற்கும். கோலாலம்பூர்ப் புடுவில் ஜாலான் பசாரிலும், சென்னையில் ரிச்சி தெருவிலும் இதனை வாங்கலாம். அச்செம்பின் கனம் 0.035 மில்லிமீட்டர், நம் தலைமயிரினும் மெல்லியது. முதலிற் செம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவவேண்டும். விரலின் எண்ணெய்ப் பசையும் பகையே. பின்னர், வேண்டிய தடங்களை வரைந்து, வழவழப்பான தாளில் லேசர் அச்சுப்பொறியால் அச்சிட்டுச் செம்பின்மேற் கவிழ்த்து, இஸ்திரிப்பெட்டியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அச்சு மை உண்மையிற் பிளாஸ்டிக் தூளாதலின், சூட்டில் உருகிச் செம்பிற் பற்றிக்கொள்ளும். தாளை நீரில் ஊறவைத்து உரித்தால் கருந்தடம் மட்டும் நிற்கும். கவிழ்த்து ஒட்டுவதால் இடம் வலமாகும்; ஆகவே எழுத்து இருப்பின் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி அச்சிடுதல் வேண்டும். அச்சுக் கோப்போர் ஒவ்வொரு நாளும் படித்த எழுத்து அதுவே. அச்சுப்பொறி இல்லாதார் அழியா மைப் பேனாவால் நேரே வரையலாம். எளிய சுற்றுக்கு அதுவே போதும்.

அடுத்தது அரிப்பு. பெரிக் குளோரைடு என்னும் உப்பை நீரிற் கரைத்துப் பிளாஸ்டிக் தட்டில் ஊற்றிப் பலகையை அதில் இட்டு மெல்ல ஆட்டவேண்டும். உலோகத் தட்டு ஆகாது. அதனையும் அது தின்றுவிடும். இவ்வுப்பிலுள்ள இரும்பு, செம்பிடமிருந்து எலக்ட்ரான்களைப் பெற்றுக்கொள்ளுகிறது. எலக்ட்ரானை இழந்த செம்பு நீரிற் கரைகிறது. மை மூடிய இடத்தில் அவ்விரண்டும் சந்திக்க இயலாமையால் அங்குச் செம்பு பிழைத்து நிற்கிறது. தோட்டத்தார்க்கு இதில் வியப்பில்லை. ரப்பர்ப் பாலிற் பார்மிக் அமிலத்தை அளந்து ஊற்றி உறையச் செய்தவர் நம் முன்னோர். அமிலமும் அளவும் அவர்கள் கையிற் பழகியவை. பால் வெட்டுவோர் பட்டையை மேலாகச் சீவினாற் பால் வாராது. ஆழச் சீவினால் மரம் புண்படும். அரிப்பும் அவ்வாறே. குறைந்தால் தடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிநிற்கும்; மிகுந்தால் மையின் அடியிலும் அரித்துத் தடம் மெலிந்து அறும். கால்மணி நேரமோ அரைமணி நேரமோ கண்ணை எடுக்காமல் நிற்கவேண்டும். பொறுமை என்னும் பாடத்தை இதனினும் நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியர் இலர்.

பின்னர் நீரிற் கழுவி, அசிட்டோனால் மையைத் துடைத்தாற் செந்நிறத் தடம் பளிச்சிடும். 0.8 மில்லிமீட்டர்த் துளைகள் இட்டு, உறுப்புகளின் கால்களை நுழைத்து ஈயப்பற்று வைக்க வேண்டும். பொன்னும் வெள்ளியும் ஒட்டுவார் வைக்கும் பற்றுக்குப் பற்றாசு என்பது பழந்தமிழ்ப் பெயர். சொல் நம்மிடம் இருந்தது. தொழிலைத்தான் சாதிக்கு ஒன்றாகக் கட்டிப்போட்டு, மற்றவர் அதனைத் தீண்டாதவாறு செய்துகொண்டோம். "கிராணி வேலை பார்த்துக்கொண்டு, இந்தத் தட்டான் வேலை எதற்கு ஐயா?" என்று நம்மோடு வேலை பார்க்கும் நண்பரொருவர் கேட்டார். அவர் கையிற் கைப்பேசி இருந்தது. தட்டான் வேலையிற் பிறந்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டே தட்டான் வேலையை இகழும் இவ்வழக்கத்திற்கு எந்த ஆங்கிலப் பள்ளியும் மருந்து தரவில்லை.

முதலிற் செய்ததோர் மழைமணி. இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றோடொன்று தொடாமற் கோத்து வைத்தாற்போலச் செம்பில் இரு தடங்கள். மழைத்துளி விழுந்தால் நீர் அவ்விரண்டையும் இணைக்கும். அதன் வழியே செல்லும் சிறு மின்னோட்டம் டிரான்சிஸ்டரை இயக்கும். டிரான்சிஸ்டர் மணியை இயக்கும். 9 வோல்ட் மின்கலம் ஒன்று போதும். செம்பு நீர்பட்டு அரிந்து போகாமல், தடத்தின்மேல் ஈயப்பற்றை மெல்லப் பூசிவிட வேண்டும். "தகரக் கூரைக்குக் கீழே இருப்பவனுக்கு மழைமணி எதற்கு? கூரையே மணி!" என்று பையன் ஒருவன் சிரித்தான். கேள்வி நல்ல கேள்வியே. ஆனால் அடுத்த வரிசையில் ஒரு பாட்டி, மிளகாயும் வடகமும் காயவைத்து விற்றுப் பிழைப்பவர், காது கேளாதவர். மணிக்கு மாற்றாகச் சிவப்பு விளக்கை வைத்து, அடுப்படியில் அவர் கண்ணிற் படும்படி மாட்டினோம். "தம்பி, மழைக்கும் விளக்கு வைத்தாயா!" என்றார் அவர். அதன்பின் அந்தப் பையன் சிரிக்கவில்லை. மற்றொன்று செய்யக் கேட்டான்.

நான்காம் படிவத்திற் பயிலும் மாணவி ஒருத்தி அக்குழுவில் உண்டு. அவளுடைய தாயார், மின்னணு ஆலை ஒன்றில் இருபது ஆண்டு உழைத்துக் கண் மங்கி வெளிவந்தவர். ஒரு நாள் மகளை அழைத்துப்போக வந்தவர், மேசையருகே நின்று பார்த்தார். நாம் வைத்துக்கொண்டிருந்த பற்றைக் கண்டு அவர்க்குப் பொறுக்கவில்லை. "கிராணி ஐயா, கோலை இப்படிக் கொடுங்கள்" என்று வாங்கினார். கோலின் முனையை ஈரத்திற் துடைத்தார்; காலையும் தடத்தையும் ஒருங்கே சூடாக்கினார்; ஈயத்தைத் தொட்டார்; எடுத்தார். மூச்சு விடும் நேரத்தில் நான்கு பற்றுகள், கோபுரக் கலசம்போல் அடி அகன்று பளபளத்து நின்றன. பிள்ளைகள் வாய் பிளந்தனர். இருபது ஆண்டுக் கலை அக்கையில் இருந்தது. அதனைக் கலை என்று அதுவரை எவரும் அவரிடம் கூறியதில்லை.

பின்னர் அவர் டிரான்சிஸ்டரைத் தொட்டுக் காட்டி, "இதை நாளுக்கு ஆயிரக்கணக்கிற் பார்த்தேன். இது என்னதான் செய்யும்?" என்று கேட்டார். நாம் வாய் திறக்குமுன் மகள் கூறினாள்: "சின்ன மின்சாரம் வந்து கதவைத் தட்டும், அம்மா. பெரிய மின்சாரம் போக இது கதவைத் திறந்துவிடும்." தாய் சிறிது நேரம் பேசவில்லை. "இவ்வளவுதானா? இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

அந்த ஒரு சொல்லில் உள்ள நியாயத்திற்கு விடை கூறும் பொறுப்பு நம் எல்லோர்க்கும் உண்டு. அதனைச் சொல்லுவதற்கு ஐந்து நொடி ஆகியிருக்கும். இருபது ஆண்டில் அந்த ஐந்து நொடியைச் செலவிட எவர்க்கும் தோன்றவில்லை. அப்பெண்மணி கற்கும் திறமில்லாதவர் என்பது காரணமன்று. கற்க வேண்டியவர் என்று எவரும் எண்ணவில்லை. அடுத்த ஞாயிறு மகள் வரைந்த மின்னேட்டின் மூலையில், தாயின் பெயரும் தன் பெயரும் தமிழெழுத்திற் செம்பாய் நின்றன. செப்பேட்டின் பழமரபு அங்கு மீண்டது எனக் கொள்க.

இனி, இன்றியமையாத எச்சரிக்கை ஒன்று. அரித்து முடிந்த நீர் செம்பு கலந்த நஞ்சு. அதனைச் சாக்கடையில் ஊற்றுதல் கூடாது. சிரம்பான் வட்டாரத்துச் சாக்கடை நீர் லிங்கி ஆற்றைச் சேர்கிறது. மீனுக்கும் நீர்வாழ் உயிர்க்கும் செம்பு கொடியது. சலவைச் சோடாவை இட்டாற் செம்பு பெரும்பாலும் வண்டலாய்ப் படியும். அவ்வண்டலையும் எஞ்சிய நீரையும் பெயர் எழுதிய பிளாஸ்டிக் கலத்தில் வைத்து, நச்சுக் கழிவு ஏற்கும் உரிமம் பெற்றாரிடம் சேர்த்தல் வேண்டும். பானப் புட்டியில் ஒருபோதும் ஊற்றி வைத்தல் ஆகாது. பானப் புட்டியிலிட்ட களைக்கொல்லி எத்தனை தோட்ட வீடுகளிற் சாவைக் கொண்டுவந்தது என்பதை நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. பாராகுவாட் என்னும் அந்நஞ்சு 2020 சனவரி 1 முதல் இந்நாட்டில் முழுதும் தடுக்கப்பெற்றது. அதுவரையில் மருந்தடித்த பெண்களின் கையும் கண்ணும் பட்ட பாட்டை மறத்தல் தகாது. ஆகவே கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் ஆகிய மூன்றும் இல்லாமற் பிள்ளைகளை மேசையருகே விடுவதில்லை. துளையிடும்போது எழும் கண்ணாடித் தூள் மூச்சிற்கு ஆகாது, வாய்மூடி வேண்டும். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் உண்ணலாகாது. சுவர் மின்சாரத்தைத் தொடும் வேலை பிள்ளைகளுக்கு அறவே கூடாது, மின்கலமே போதும். நம் மூதாதையர்க்கு நஞ்சைக் கொடுத்தவர் கையுறை கொடுக்கவில்லை. நாமும் அவ்வாறு செய்வோமானால் அவர்களினும் நாம் எவ்வகையில் மேம்பட்டவர்?

"இவ்வளவு பாடு எதற்கு? படத்தை அனுப்பினாற் சீனத்து ஷென்சென் நகரிலிருந்து சில வெள்ளிக்கு அழகான பலகைகள் வீடு தேடி வருமே!" என்று சிலர் கேட்பர். உண்மை. நூறு பலகை வேண்டுவோர் அங்கேயே வாங்குக, அதுவே சிக்கனம். நாம் செய்வது பலகைக்காக அன்று. கடையிற் சோறு கிடைப்பதால் சமையல் அறியாதிருத்தல் அறிவாகாது. கோவை ஜி. டி. நாயுடு 1893-இற் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் நில்லாதவர். இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆவல்கொண்டு, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து வாங்கி, அதனை அக்கக்காய்ப் பிரித்து மீண்டும் பூட்டினார் என்பது அவர் வரலாறு. மோட்டார் சைக்கிள் அன்றும் கடையிற் கிடைத்தது. அவர் தேடியது வண்டியை அன்று, வண்டியின் காரணத்தை. அக்காரணத்தைக் கண்டமையால் பிற்காலத்தில் பேருந்துத் தொழிலும் மின்விசைக் கருவிகளும் அவர் கைக்கு வசமாயின. 1945-இற் கோவையிற் தொழிற்கல்விக் கூடம் எழவும் அவர் காரணரானார்.

நம் பிள்ளைகள் ஆலைக்குச் செல்ல வேண்டாம் என்று நாம் கூறவில்லை. செல்லட்டும். செல்லும்போது, கையிலுள்ள பலகையைப் படிக்கத் தெரிந்தவராய்ச் செல்லட்டும். எந்தத் தடம் எங்குச் செல்கிறது, எந்த உறுப்பு எதற்கு இருக்கிறது, எங்குப் பழுது நேர்ந்தது என்று சொல்லத் தெரிந்தவள் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவளாகவே ஓய்வுபெறமாட்டாள். பழுது பார்ப்பவளாவாள், வரைபவளாவாள், மற்றவர்க்குச் சொல்லிக் கொடுப்பவளாவாள். "பெண்கள் கூலி மலிவு" என்ற பழஞ்சொல் அன்றுதான் பொய்யாகும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தோட்டத்து மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியின் ஓரறையிலோ ஒரு மேசை, ஒரு பற்றுக்கோல், கையுறை, கண்ணாடி, பூட்டி வைக்கும் ஒரு நச்சுக் கலம், பொறுப்பான பெரியவர் ஒருவர். இவ்வளவே. ஆலையில் உழைத்து ஓய்ந்த தாய்மார் ஒவ்வொரு தாமானிலும் இருக்கின்றனர். அவர்களை அழைத்து அம்மேசையில் ஆசிரியராய் அமர்த்துங்கள். அவர்கள் கை கற்பிக்கட்டும். பிள்ளைகள் காரணம் கூறட்டும்.